மலைக்காக டீசல் வாங்கிய கணக்கு

சித்திரை மாதம் ஒரு மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், சின்ன முதலாளி வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். "அக்கா, கார் வாங்கலாம்னு இருக்கேன். டீசலா பெட்ரோலா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா இருந்தா நான் 66,000 ரூபாய் தண்டம் அழுதிருக்க மாட்டேனே தம்பி" என்றேன்.

செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு, வெல்லம் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். வீடு அஸ்தம்பட்டியில். 2020 கடைசியில் ஒரு டீசல் கார் வாங்கினேன். காரணம் கேட்டால் சேலத்தில் யாரும் சொல்லும் அதே காரணம்தான்: "ஏற்காடு ஏறணும்னா டீசல்தான்." என் தம்பி ஏற்காடு மலையில் இருக்கிற நாகலூரில் ஒரு காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். அடிக்கடி அவன் வீட்டுக்குப் போவோம், அம்மாவைக் கூட்டிப்போவோம் என்றெல்லாம் நினைப்பு. நான்கு வருடம் வைத்திருந்து 31,000 கிலோமீட்டரில் விற்றேன். அந்த நான்கு வருடத்தில் மலை ஏறியது மொத்தம் பத்தொன்பது தடவை. மற்ற நாளெல்லாம் அஸ்தம்பட்டி டு செவ்வாய்ப்பேட்டை, நாலு கிலோமீட்டர், அதில் பாதி நேரம் சிக்னலில்.

தண்டக் கணக்கு இதுதான். அதே காரின் பெட்ரோல் மாடலைவிட அன்றைக்கு 1,40,000 ரூபாய் கூடக் கொடுத்தேன். சர்வீஸில் வருடம் மூவாயிரம் கூடுதல், ஆக 12,000. புகை வடிகட்டி அடைத்ததில் 14,000 (அந்தக் கதை பின்னால் வருகிறது). கூட்டினால் 1,66,000. எரிபொருளில் மிச்சம் பிடித்தது சுமார் 70,000. விற்கும்போது டீசல் என்பதால் 30,000 கூடக் கிடைத்தது. மீதி 66,000 போனது போனதுதான்.

அதனால் கார் வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஷோரூமுக்குப் போகாதீர்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இப்போது ஓட்டுகிற வண்டி எதுவானாலும், ஸ்கூட்டராக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மாதம் எழுதுங்கள். தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர். கடைசியாக ஒரு கட்டம்: என்ஜின் நிற்காமல் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியதா, ஆம் அல்லது இல்லை. இந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. மாதக் கிலோமீட்டரைவிட அதுதான் முக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கிற வண்டியெல்லாம் பிஎஸ்-6, அதாவது புகையைக் குறைக்க அரசு வைத்த புது விதிப்படி செய்தது. டீசல் காரில் அதற்காகப் புகைபோக்கி வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். டீசல் புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரி சேர்ந்துகொண்டே போனால் அடைத்துவிடும் அல்லவா? அதனால் அவ்வப்போது அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு அந்தச் சூட்டை வரவழைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஆனால் நாலு கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். கூடுதலாக விட்ட டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலோடு கலந்து ஆயிலையும் நீர்க்கச் செய்யும். அடுப்பில் பால் காய்வதற்குள் இறக்கி இறக்கி வைப்பது மாதிரி.

எனக்கு முதல் வருடம் முடிவதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் நல்லவன், "பைபாஸ்ல இருபது நிமிஷம் அறுபதுக்குக் குறையாம ஓட்டுங்க, அணைஞ்சிரும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டலாம்பட்டியில் பைபாஸ் ஏறி, மகுடஞ்சாவடி தாண்டிப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். விளக்கு அணைந்தது. அப்புறம் இது ஒரு வழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை காருக்குக் காற்று வாங்கக் கோயம்புத்தூர் ரோட்டில் போய் வருவேன். மைலேஜ் மிச்சம் பிடிக்க டீசல் வாங்கிவிட்டு, வடிகட்டியைச் சுத்தம் செய்யவே டீசல் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருடம் ஆடி மாதத்தில் வேலை அதிகம், இரண்டு மாதம் அந்த ஞாயிறு ஓட்டம் விட்டுப்போனது. மஞ்சள் சிவப்பாகி, வண்டி வேகம் எடுக்காமல் முனகியது. பட்டறையில் கருவி மாட்டி நிறுத்திவைத்தே எரித்து, ஆயிலும் மாற்றியதில்தான் அந்த 14,000.

இப்போது நோட்டை எடுங்கள். "இருபது நிமிடத்துக்கு மேல்" என்ற கட்டத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று "ஆம்" கூட இல்லையென்றால், டீசலை மறந்துவிடுங்கள். நீங்கள் எவ்வளவு மலை ஏறினாலும் சரி.

ஆம்கள் நிறைய இருந்தால்தான் அடுத்து ரூபாய்க் கணக்கே போட வேண்டும். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த மாதங்கள் உண்டு. அப்போது கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கினார்கள், தப்பில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அதற்கப்புறம் இடைவெளி சுருங்கி இப்போது ஒன்பது ரூபாய் பக்கம் நிற்கிறது. பிஎஸ்-6 வந்தபோது மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. வடிகட்டியெல்லாம் சேர்த்துச் சின்னக் காரை டீசலில் விற்றால் விலை கட்டாது என்று அவர்களே கணக்குப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் கணக்கு இப்படி. பெட்ரோல் 102, டீசல் 93 என்று வையுங்கள். உங்கள் பங்க்கில் அன்றைய விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் பெட்ரோல் 14, டீசல் 19 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வையுங்கள். விளம்பரத்தில் வருகிற மைலேஜை எடுக்காதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தது, அதில் செவ்வாய்ப்பேட்டை கிடையாது. பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 29 பைசா, டீசலில் 4 ரூபாய் 89 பைசா. வித்தியாசம் 2 ரூபாய் 40 பைசா. டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற தொகையை இந்த 2.40-ஆல் வகுத்தால், எத்தனை கிலோமீட்டரில் போட்ட காசு திரும்பும் என்று வந்துவிடும். ஒன்றேகால் லட்சம் கூடுதல் என்றால் 52,000 கிலோமீட்டர். வருடம் 20,000 ஓடுகிறவருக்கு இரண்டரை வருடம். 8,000 ஓடுகிறவருக்கு ஆறரை வருடம். சர்வீஸ் கூடுதலையும் சேர்த்தால் எட்டை நெருங்கும்.

இந்த "கூடுதல் தொகை" என்ற இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஷோரூம் விலைப்பட்டியலில் ஒரு லட்சம் வித்தியாசம் என்று போட்டிருக்கும். அது ரோட்டுக்கு வரும்போது ஒரு லட்சமாக இருக்காது. தமிழ்நாட்டில் ஆயுள் வரி (பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டுகிற சாலை வரி) விலையைப் பொறுத்து மாறும்: ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து லட்சம் தாண்டினால் இருபது லட்சம் வரை 18. தாண்டிய தொகைக்கு மட்டும் 18 இல்லை, முழு விலைக்கும். 9,80,000 ரூபாய்ப் பெட்ரோல் காருக்கு வரி 1,27,400. அதே காரின் டீசல் 10,80,000 என்றால் வரி 1,94,400. ஒரு லட்சம் வித்தியாசம் 1,67,000 ஆகிவிட்டது. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 70,000 கிலோமீட்டர் ஓட்டினால்தான் சமம். அதனால் இரண்டு மாடலுக்கும் வரியெல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். ஜிஎஸ்டியில் மட்டும் டீசலுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்படாத சின்னக் கார்களில், 1,200 சிசி வரை பெட்ரோலுக்கும் 1,500 சிசி வரை டீசலுக்கும் ஒரே 18 சதவீதம். முன்பு ஜிஎஸ்டிக்கு மேல் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியில் டீசலுக்கு இரண்டு சதவீதம் கூடுதலாக இருந்தது.

பெட்ரோல் பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். என் இப்போதைய பெட்ரோல் காரில் 14.3 இருந்தது 13.6 ஆயிற்று. நான் டேங்க் நிறைத்து, மறுபடி நிறைக்கும்போது போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்து எழுதுகிறவள்; மீட்டர் திரையில் காட்டுவதை நம்புவதில்லை, அது எப்போதும் ஒரு கிலோமீட்டர் பெருமை பேசும்.

சரி, மலைக்கு வருவோம். மலை ஏற டீசல்தான் என்பது முழுப் பொய்யில்லை. எங்கள் கடையில் இரண்டு லோடுமேன் இருக்கிறார்கள். ஒருவர் மூட்டையை நின்ற இடத்தில் அப்படியே தூக்கித் தோளில் வைப்பார். இன்னொரு பையன் இரண்டடி பின்னால் போய் ஓடிவந்து ஒரு எம்பு எம்பித்தான் தூக்குவான். டீசல் முதல் ஆள், சாதா பெட்ரோல் இரண்டாவது ஆள். ஹூண்டாய் வென்யூ காரில் மூன்று என்ஜின் வந்தது, ஒப்பிட வசதி. 1.2 லிட்டர் சாதா பெட்ரோலின் இழுவை 114 நியூட்டன் மீட்டர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தொட்டுக் கத்தும்போதுதான் முழுசாக வரும். 1.5 டீசலில் 250, அதுவும் 1,500 சுற்றிலேயே. ஆனால் மூன்றாவதாக ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் (டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இருக்கிறது பாருங்கள், அதில் 172, அதுவும் 1,500 சுற்றிலேயே தொடங்கிவிடும். "மலைக்கு டீசல்" என்ற பேச்சு இந்த டர்போ பெட்ரோல் பரவுவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு.

இன்னொன்றும் உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, ஏரிக்குப் பக்கத்தில் போகும்போது இங்கிருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்கு மூச்சு அந்த அளவுக்குக் குறையும். டர்போ இருந்தால், டீசலோ பெட்ரோலோ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சமாளித்துக்கொள்ளும். ஆக மலையில் கேட்க வேண்டிய கேள்வி "டர்போ உண்டா" என்பது. சாதா பெட்ரோலிலும் குடும்பத்தோடு ஏறலாம், ஆயிரம் பேர் ஏறுகிறார்கள். வளைவில் தயங்காமல் முதல் கியருக்கு வர வேண்டும், ஏசியைக் கொஞ்ச நேரம் அணைக்க வேண்டும், முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்டும் ஆசையை விட வேண்டும். அவ்வளவுதான்.

டர்போவிலும் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரிலேயே மெதுவாகத் திரும்பினால் சுற்று 1,500-க்குக் கீழே விழும். அந்த நேரம் டர்போ தூங்கும். நீங்கள் மிதிப்பீர்கள், வண்டி யோசிக்கும், பிறகு திடீரென்று பாயும். என் டீசலில் எட்டாவது வளைவிலோ ஒன்பதிலோ இப்படி நின்று, பின்னால் வந்த ஜீப்காரர் ஹாரனிலேயே எனக்குப் பாடம் நடத்தினார். டீசலானாலும் முதல் கியருக்கு வர வெட்கப்படாதீர்கள். கிளட்சைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டே ஏற்றினால், இருபது வளைவும் முடிவதற்குள் கருகிய வாடை வந்துவிடும்.

இறக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்பவர்களின் சக்கரத்தில்தான் அடிவாரத்தில் புகை வருகிறது. என்ஜினை அணைத்துவிட்டு உருட்டினால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள துணையும் போய்விடும். நியூட்ரலில் வைத்து நீங்கள் மிச்சம் பிடிப்பதும் ஒன்றுமில்லை, கியரில் இறங்கும்போது இப்போதைய என்ஜின்கள் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன.

என் தம்பி டீசல்தான் வைத்திருக்கிறான், அவனை மாற்றச் சொல்ல மாட்டேன். வாரத்தில் மூன்று நாள் நாகலூரிலிருந்து சேலம் வந்து திரும்புகிறான். வரும்போது மிளகு மூட்டை லீ பஜாருக்கு, போகும்போது உரமோ ஆட்களோ. ஒவ்வொரு பயணமும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது; ஏற்றத்தில் என்ஜின் நன்றாகச் சூடேறுவதால் வடிகட்டி விளக்கு அவன் வண்டியில் ஒரு தடவைகூட எரிந்ததில்லை. வருடம் 18,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 2.40 என்றால் வருடத்துக்கு 43,000 ரூபாய் அவன் பையில். ஒரே குடும்பம், ஒரே மலை, அவனுக்கு லாபம், எனக்கு நஷ்டம். நோட்டு எழுதியிருந்தால் எனக்கு முதல் மாதமே தெரிந்திருக்கும்.

டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம்காரர்கள் சமதளத்தில் ஒரு சுற்று, மிஞ்சினால் ஐந்து ரோடு மேம்பாலம் ஏற்றி இறக்கிக் காட்டுவார்கள். அதில் எல்லாக் காரும் தங்கம்தான். நீங்கள் வீட்டிலிருந்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, கோரிமேடு வழியாக அடிவாரம் போய் முதல் மூன்று வளைவாவது ஏற வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள். டீசலைப் பார்க்கிறீர்கள் என்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள், சத்தமும் அதிர்வும் அப்போதுதான் தெரியும். அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்ததும் நல்லதாகப் போயிற்று. இரண்டாவது கார் எடுக்கும்போது அவர்தான் "இதுல நாம பேசினா காதுல விழுது, டீசல்ல விழல" என்று முடிவைச் சொன்னார்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. "பத்து வருஷம் ஆனா டீசல் வண்டியை ஓட்ட விட மாட்டாங்களாமே" என்று பயந்து விற்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பத்து வருடக் கெடு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் வந்தது, தமிழ்நாட்டுக்கு இல்லை. இங்கே பதினைந்து வருடம் முடிந்தால் சோதனை காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம். அந்தக் கெடுவால்தான் டெல்லி டீசல் கார்கள் மலிவாக இந்தப் பக்கம் வருகின்றன. விலையைக் கேட்டு மயங்காமல், இங்கே மறுபதிவும் தமிழ்நாட்டு வரியும் கட்ட என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். நாலு கிலோமீட்டர் ஓட்டக்காரர் பிஎஸ்-6 டீசலை விற்கிறார் என்றால், அவர் நானாகக்கூட இருக்கலாம், வடிகட்டியின் நிலையைக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

சிஎன்ஜி என்கிற இயற்கை எரிவாயு வண்டி ஊருக்குள் ஓட்ட மலிவு, ஆனால் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும், இழுவையும் குறையும். தம்பி வீட்டு மூட்டைகளுக்கு ஆகாது. எலக்ட்ரிக் பற்றி என்னைக் கேட்காதீர்கள். இரண்டாவது மாடி வாடகை வீடு, சார்ஜ் போட வயரைத் தொங்கவிட்டால் வீட்டுக்காரம்மா என்னையும் சேர்த்து இறக்கிவிடுவார்.

டீசல் எடுத்தவர்கள் பங்க்கில் வாயைத் திறந்து "டீசல்" என்று சொல்லி, எந்தக் குழாய் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நில்லுங்கள், போனைப் பார்க்காதீர்கள். டீசலில் உள்ள வழுவழுப்பில்தான் அதன் பம்ப் தேயாமல் ஓடுகிறது, பெட்ரோலில் அது கிடையாது. தவறிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பாமல் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்க்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

சின்ன முதலாளி நோட்டை எழுதினார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வைகாசி முடிந்து என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். முப்பது நாளில் 610 கிலோமீட்டர். ஆத்தூருக்கு ஒரு தடவை, மேட்டூருக்கு ஒரு தடவை, ஏற்காடு ஒரு தடவை. மற்றதெல்லாம் கடைக்கும் வீட்டுக்கும் ஜிம்முக்கும். "ஆம்" மொத்தம் ஐந்து.

"நீங்களே சொல்லுங்க தம்பி" என்றேன்.

அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏற்காடு மூணு தடவை போயிருப்பேன்னு நினைச்சேங்க்கா."

டர்போ பெட்ரோல் புக் செய்திருக்கிறார். வெள்ளையா சிவப்பா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது.